புதிய பொருள்கள் எப்படிப் பிறக்கின்றன? பின்னால் ஏதாவது சூத்திரம் இருக்கிறதா?

ஸ்மார்ட்வாட்ச், ஏஐ, எம்ஆர்என்ஏ தடுப்பூசி என்று அண்மையில் வந்தவற்றைச் சொல்லி, இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு சூத்திரம் உண்டா, அதைக் கற்றுக்கொண்டால் நாமும் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சூத்திரம் என்று சொல்லத் தயங்குவேன். ஆனால் ஒரு போக்கு இருக்கிறது, அது திரும்பத் திரும்ப வருகிறது.

கருவிகளைப் பிரித்துப் பார்ப்பது சிறு வயதிலிருந்தே என் பழக்கம். பிறகு அதுவே வேலையாகவும் ஆனது. பிரிக்கப் பிரிக்க ஒன்று தெளிவானது. புதுக் கருவிக்குள் புது உதிரிபாகம் என்று பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. வேறு யாருக்காகவோ, வேறு எதற்காகவோ உருவாகி, அங்கேயே வளர்ந்து மலிவான பாகங்கள்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கும்.

ஒரு ஸ்மார்ட்வாட்ச்சைக் கழற்றி, திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பச்சை விளக்கு படபடவென்று மின்னும். இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் தோலுக்கடியில் ரத்தம் கொஞ்சம் கூடும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும் என்பதால், அந்தக் கணத்தில் திரும்பி வரும் ஒளி சற்றுக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைத்துவிடும். சில வாட்ச்களில் கூடவே சிவப்பும் அகச்சிவப்பும் இருக்கும். அது ஆக்ஸிஜன் அளவுக்கு. இந்தச் சிவப்பு விளக்கின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1970களின் தொடக்கத்தில், ஜப்பானில் நிஹோன் கோடன் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தில் டகுவோ அவோயாகி என்ற பொறியாளர் வேலை பார்த்தார். அவருக்கு அப்போது ஆக்ஸிஜன் மேல் அக்கறை இல்லை. இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அளக்கத்தான் முயன்றுகொண்டிருந்தார். ரத்தத்தில் ஒரு சாயத்தைச் செலுத்தி, காது மடலில் ஒளியைப் பாய்ச்சி, சாயம் எப்படிக் கரைந்து குறைகிறது என்று பார்ப்பது அவர் வழி. வழவழப்பான ஒரு வளைகோடு வந்தால் கணக்கு போட்டுவிடலாம். ஆனால் நாடித்துடிப்பு குறுக்கே புகுந்து கோட்டை ரம்பப் பல் மாதிரி ஆக்கியது. அதை ஒழித்துக்கட்ட, சாயம் உறிஞ்சாத இன்னோர் அலைநீளத்திலும் ஒளியைப் பாய்ச்சி, ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிசெய்தார். துடிப்பு மறைந்தது. ஆனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு மாறியதும் அந்தச் சரிக்கட்டல் பலிக்காமல் துடிப்பு மறுபடியும் தலைகாட்டியது.

தொந்தரவு திரும்பி வந்ததே என்று அவர் சலித்துக்கொண்டு விட்டிருக்கலாம். விடவில்லை. ஆக்ஸிஜன் மாறும்போது மட்டும் இது வருகிறது என்றால், இதை வைத்தே ஆக்ஸிஜனை அளக்கலாமே என்று திருப்பிப் போட்டார். தோல், எலும்பு, சிரை எல்லாமே ஒளியை மறைக்கின்றன. ஆனால் துடிப்பது முக்கியமாகத் தமனி ரத்தம்தான். ஆகவே துடிக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் ஆக்ஸிஜன் கிடைக்கும், ஊசி குத்தவே வேண்டாம். 1974இல் அந்த யோசனை வெளிவந்தது. 1980களில் எல்இடியும் சிறிய சிப்பும் கிடைத்ததும் பல்ஸ் ஆக்சிமீட்டர் அறுவை அரங்குகளுக்குள் நுழைந்தது, பிறகு விரலில் மாட்டும் கிளிப் ஆனது, இப்போது மணிக்கட்டுக்கு வந்திருக்கிறது. அவோயாகி 2020 ஏப்ரலில் காலமானார். கோவிட் பரவி, வீடு வீடாக ஆக்சிமீட்டர் தேடத் தொடங்கிய நேரம் அது. இந்தக் கதையை எப்போது சொன்னாலும் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

அதே வாட்ச்சில் நீங்கள் நடக்கும் அடிகளை எண்ணுவது முடுக்கமானி. சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத சீப்புப் பற்கள் அசைந்தால் அவற்றுக்கிடையே மின்சாரத்தைத் தேக்கும் திறன் மாறும், அவ்வளவுதான். 1990களின் தொடக்கத்தில் அதற்குப் பணம் கொடுத்து வளர்த்தவை கார் நிறுவனங்கள். கார் மோதியது என்று சில மில்லிசெகண்டில் அறிந்து ஏர்பேக்கை விரிக்க அவர்களுக்கு அது தேவைப்பட்டது. பேட்டரியும் அப்படித்தான். லித்தியம் அயான் ஆராய்ச்சி 1970களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் ஒரு எண்ணெய் நிறுவனத்துக்குள்ளேயே தொடங்கியது. 1991இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது, கையில் பிடித்துப் படமெடுக்கும் கேம்கார்டரையும் மனதில் வைத்து. கேம்கார்டர் வாங்கியவர்கள் கொடுத்த காசுதான் பின்னால் மின்சார காருக்கு அடித்தளம் போட்டது என்று சொன்னால் மிகையில்லை. ஒரு பொருளைச் செய்யச் செய்ய அதன் செலவு ஓர் ஒழுங்கான வேகத்தில் குறைகிறது என்று விமானப் பொறியாளர் தியடோர் ரைட் 1936லேயே விமானத் தயாரிப்பை வைத்துக் காட்டினார். லித்தியம் பேட்டரி விலை 2010க்கும் 2024க்கும் இடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது அதே கணக்கில்தான்.

ஏஐயையும் பிரித்துப் பாருங்கள். 2012இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் எல்லோரையும் அசரவைத்த அலெக்ஸ்நெட் என்ற ஏஐ நிரல், வீடியோ கேம் ஆடுவோருக்காக விற்ற இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளில் ஐந்தாறு நாள் ஓடிப் பயிற்சி பெற்றது. எம்ஆர்என்ஏ என்பது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு. அந்தத் தடுப்பூசியில், விஞ்ஞானிகள் காடலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் அந்த மூலக்கூறில் செய்து 2005இல் வெளியிட்ட வேதி மாற்றம் ஒரு பாதி. அதைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் கொழுப்புத் துகள் மறு பாதி. அந்தத் துகள் வேறொரு வகை ஆர்என்ஏ மருந்துக்காக வளர்ந்தது, அந்த மருந்து 2018இல் அனுமதி பெற்றது. 2020 ஜனவரியில் கோவிட் வைரஸின் மரபணு வரிசை வெளியானது, மார்ச் 16 அன்று முதல் தன்னார்வலருக்கு ஊசி போடப்பட்டது. இரண்டே மாதத்தில் எப்படி என்று பலர் சந்தேகப்பட்டார்கள். பாகங்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன என்பதுதான் பதில்.

பாகம் ஒன்று குறைந்தால் எவ்வளவு நல்ல யோசனையும் நகராது. முகம் பார்த்துப் பேசும் தொலைபேசியை அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் காட்டியது, 1970இல் சேவையாகவும் தொடங்கியது. எடுபடவில்லை. மலிவான கேமரா சிப், படத்தைச் சுருக்கும் கணக்குமுறை, வேகமான இணைப்பு என்று மூன்றுமே அப்போது இல்லை. அந்தக் கேமரா சிப்புக்கு 1990களில் வழி திறந்ததோ நாசாவின் விண்வெளி ஆய்வகம், விண்கலத்தில் வைக்கச் சிறிய கேமரா தேடியபோது.

சூத்திரம் என்று கேட்டீர்களே, அதற்கு மிக அருகில் வருவது ஐந்து வழிகள் கொண்ட ஒரு முறை. ஒரு பாகத்தை எடுத்துவிடு, இருப்பதைப் பிரி, ஒரு பாகத்தைச் சற்று மாற்றி இன்னொன்றும் சேர், ஒரே பாகத்துக்கு இரண்டு வேலை கொடு, ஒரு தன்மையை இன்னொன்றோடு இணை. வெயிலில் கறுக்கும் கண்ணாடி கடைசி வழிக்கு எடுத்துக்காட்டு. சோவியத் நாட்டில் காப்புரிமைகளை அலசிய கென்ரிக் அல்ட்ஷுல்லரின் சிந்தனையிலிருந்து கிளைத்தது இது. இருக்கிற பொருளை மெருகேற்ற நன்றாகவே உதவும், நானும் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் இந்த ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு அவோயாகி அந்த இடத்துக்குப் போயிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குக் கோட்டில் இருந்த ரம்பப் பல்லை நாள் கணக்கில் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. புதுப் பொருள்களின் பட்டியலை விட்டுவிட்டு, எந்தப் பாகம் இப்போது மலிவாகிக்கொண்டிருக்கிறது, யார் காசில் மலிவாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, உங்கள் துறையில் எல்லோரும் தொந்தரவு என்று வடிகட்டி வீசுவது எது என்றும் எழுதுங்கள். நான் இப்போது விடாமல் கவனிப்பது நீரிழிவுக்காரர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சாரை. தோலுக்கடியில் ஒரு மெல்லிய இழை, அதன் மேல் ஒரு நொதி, ஏறத்தாழ இரண்டு வாரம் வரை ஓயாமல் அளக்கிறது. 2024இல் அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கும் வகையும் வந்துவிட்டது. இழை அதேதான், நொதியை மாற்றினால், கடுமையாக உழைக்கும் தசையில் சேரும் லாக்டேட்டை அளக்கலாம். ஆய்வகங்களில் அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது. என் மேசையில் பழைய சென்சார் ஒன்று பிரித்தபடியே கிடக்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் அந்த இழை முடியைவிடச் சில மடங்கு தடிமன், அவ்வளவுதான்.