குரோஷா போர்வைக்கு இஸ்திரி வேண்டாம்

கேள்வி: குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால், பின்னிய வண்ணச் சதுரங்களை இணைத்து ஒரு போர்வை செய்திருக்கிறேன். குறுக்கே ஏழு, நெடுக்கே ஒன்பது என மொத்தம் 63 சதுரங்கள். ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், ஐந்து சுற்று, ஐந்து நிறம். கடைசிச் சுற்று மட்டும் எல்லாவற்றிலும் வெள்ளை. பின்புறம் முழுக்க நூல் முனைகள் தொங்குகின்றன. சிங்கிள் குரோஷா என்ற குட்டையான கண்ணியில் ஒரு சுற்று பார்டர் போட்டதுமே விளிம்பு அலை அலையாக நிற்கிறது. குட்டைப் பக்கத்தில் எண்ணினால் 135 கண்ணிகள் வருகின்றன. பெரும்பாலும் கடையில் வாங்கிய உல்லன் நூல். சில சதுரங்களில் மெரூன் நிறப் பருத்தி நூலும், நான்கு சதுரங்களில் நாத்தனார் சிம்லாவிலிருந்து வாங்கி வந்த நூலும் இருக்கின்றன. ஆறு வாரத்தில் எங்கள் ஊர் மகளிர் கண்காட்சியில் இதை வைக்க வேண்டும். இஸ்திரி போட்டால் அலை அடங்குமா? எப்படித் தொங்கவிடுவது? சாதனைச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் 3,500 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா? – திண்டுக்கல் வாசகி

பதில்: இஸ்திரிப் பெட்டியை முதலில் அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். கடையில் உல்லன் என்ற பெயரில் நீங்கள் வாங்கியது அநேகமாக அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த செயற்கை இழை. சூடான இரும்பு அதன்மேல் பட்ட நொடியில் இழை இளகி, புசுபுசுப்பை இழந்து, பளபளவென்று தட்டையாகிவிடும். அப்படித் தட்டையான நூலை எந்தத் தண்ணீரிலும் எந்தச் சோப்பிலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. பல ஆண்டுகளுக்கு முன் நான் பின்னிய ஒரு குழந்தைப் போர்வையைச் சலவைக்கடை ஒன்றில் கொடுத்தேன். "இஸ்திரி வேண்டாம்" என்று சீட்டு எழுதிக் குத்தியிருந்தும், அழகாக மடித்து, நன்றாக அழுத்தித் தேய்த்துத் தந்தார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் ஷெல் எனும் சிப்பி வடிவப் பூக்கள் நனைந்த காகிதம்போல் தொய்ந்து கிடந்ததைத் தடவிப் பார்த்த விரல் அதை இன்றும் மறக்கவில்லை. மேலே துணி போட்டுத் தேய்க்கலாம், குறைந்த சூட்டில் தேய்க்கலாம் என்று சொல்பவர்களின் பேச்சையும் கேட்காதீர்கள்.

உண்மையில் இந்தக் குழப்பத்துக்கு நீங்கள் காரணமல்ல. நூல் உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டியில் இழை என்ன என்று சில நிறுவனங்கள் தெளிவாக அச்சிட்டாலும், சில்லறைக் கடைக்காரர் அந்தப் பட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு எடைபோட்டு விற்கிறார். கம்பளியா என்று கேட்டால் "எல்லாம் உல்லன்தாம்மா" என்கிறார். பட்டியோடு சேர்ந்து சாய எண்ணும் குப்பைக்குப் போய்விடுகிறது. ஒரே நிறப் பெயர் கொண்ட இரண்டு உருண்டைகள் வெவ்வேறு தொட்டியில் சாயம் தோய்ந்தவையாக இருந்தால் நிறம் ஒரு சாயல் வேறுபடும். அந்த வேறுபாடு கடை விளக்கில் தெரியாமல், பார்டர் போட்டு முடித்த பிறகு பகல் வெளிச்சத்தில்தான் கண்ணில் படும். ஆகவே பார்டருக்குப் புதிதாக நூல் வாங்குவதாக இருந்தால், மொத்தச் சுற்றுக்கும் போதுமான அளவைப் பட்டியுடன், ஒரே சாய எண்ணில் வாங்குங்கள். பட்டி இல்லாத உருண்டையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எந்த நூல் எது என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு நூலிலும் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே தீயில் காட்டுங்கள். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கறுத்த கெட்டியான மணியாக நிற்கும். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். உண்மையான ஆட்டுக் கம்பளி தலைமுடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும். அதன் கரியை விரலால் நசுக்கினால் பொடியாக உதிரும்.

சிம்லா நூலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் போர்வை கெடுவதானால் அந்த நான்கு சதுரங்களிலிருந்துதான் கெடத் தொடங்கும். கம்பளி இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று சிக்கி, துணி சுருங்கித் தடித்துவிடும். 59 சதுரங்கள் அப்படியே இருக்க நான்கு மட்டும் சுருங்கினால், அவற்றைச் சுற்றியுள்ள சதுரங்களெல்லாம் இழுபட்டுக் கூடாரம்போல் எழும்பும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: இயந்திரத்தில் துவைப்பதற்கென்றே செதில்களை மழுக்கிப் பதப்படுத்திய கம்பளியும் விற்பனையில் இருக்கிறது, அது இப்படிச் சுருங்காது. உங்களுடையது எந்த வகை என்பது தீயில் தெரியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே மாதிரிதான் எரியும். கையில் கொஞ்சம் நூல் மீதமிருந்தால் மூன்று அங்குலச் சதுரம் ஒன்றைப் பின்னி அளந்துகொண்டு, கை பொறுக்கும் வெந்நீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிடம் நன்றாகக் கசக்கிக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். அளவு மாறவில்லை என்றால் கவலையில்லை. சுருங்கிவிட்டால், அல்லது சோதிக்க நூலே மீதமில்லை என்றால், இந்தப் போர்வையை அதன் ஆயுள் முழுவதும் குளிர்ந்த நீரில் மட்டும், கசக்காமல் பிழியாமல், அமுக்கி அமுக்கித்தான் அலச வேண்டும். நான்கு சதுரத்துக்காக முழுப் போர்வைக்கும் கட்டுப்பாடா என்று தோன்றலாம். கலந்து பின்னிய போர்வைக்கு, அதில் உள்ள மிக மென்மையான நூலின் விதிதான் சட்டம்.

இனி நூல் முனைகள். ஒரு நிறம் தொடங்கும்போது ஒரு முனை, முடியும்போது ஒரு முனை. ஐந்து நிறத்துக்குப் பத்து, 63 சதுரத்துக்கு 630. முனைக்கு இரண்டு நிமிடம் வைத்தால் 21 மணி நேரம். ஒரே இரவில் முடிக்கப் பார்த்தால் கடைசி நூறு முனைகளை வெறுமனே வெட்டி எறியத் தோன்றும். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று வாரத்தில் முடிந்துவிடும், உங்களிடம் ஆறு வாரம் இருக்கிறது. முனை மழுங்கி, காது பெரிதாக இருக்கும் ஊசியை எடுத்துக்கொண்டு, முனையை அதே நிறக் கண்ணிகளின் ஊடே இரண்டு அங்குலம் ஒரு திசையில் செலுத்தி, ஒரு இழையைத் தாண்டித் திரும்பி வந்து, மூன்றாம் முறையும் திசை மாற்றிச் செலுத்திய பிறகே வெட்டுங்கள். அக்ரிலிக் வழுக்கும் நூல் என்பதால் ஒரே திசையில் செருகிய முனை இரண்டே துவையலில் வெளியே எட்டிப் பார்க்கும். முடிச்சுப் போடாதீர்கள், பசை தொட்டு ஒட்டாதீர்கள். கண்காட்சியில் நடுவராக வரும் விவரமறிந்த பெண்மணி முதலில் செய்யும் காரியம் போர்வையின் ஓரத்தைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பதுதான்.

விளிம்பு அலையாக நிற்பதற்கு நூலோ இஸ்திரியோ காரணமல்ல, எண்ணிக்கைதான் காரணம். ஐந்து சுற்றுச் சதுரத்தின் ஒரு பக்கத்தில், மூன்று கண்ணிகள் கொண்ட ஐந்து கொத்துகளாக, 15 கண்ணிகள் இருக்கும். ஏழு சதுரத்துக்கு 105. இரண்டு சதுரங்கள் சேரும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூலை இடைவெளிகள், இடைவெளிக்கு ஒரு கண்ணி; ஆறு இணைப்புகளுக்கு 12. ஆக 117 வர வேண்டும். உங்களுக்கு 135 வந்திருப்பதால், ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டுக்குப் பதில் ஐந்து போட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது: இடைவெளிக்கு இரண்டிரண்டு, நடுத் தையலில் ஒன்று. நெட்டைப் பக்கத்திலும் அப்படியே போட்டிருந்தால் 175 இருக்கும், இருக்க வேண்டியது 151. அந்தச் சுற்றைப் பிரித்துவிடுங்கள். போர்வையின் நான்கு மூலைகளில் மட்டும் ஒரே இடைவெளியில் மூன்று கண்ணிகள் போட்டு, மற்ற இடங்களில் நான் சொன்ன கணக்கில் போனால் விளிம்பு தானாகவே படிந்து கிடக்கும். நான் எழுதுவது அமெரிக்க முறைப் பெயர்கள். பிரிட்டிஷ் புத்தகங்களில் டபுள் குரோஷா என்று இருப்பது அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷா. இதைக் கவனிக்காமல் பார்டரைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

மெரூன் பருத்தி நூலைத் தண்ணீர் படுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். வெள்ளைத் துணியை ஈரமாக்கி அந்தச் சதுரத்தின்மேல் பத்து நிமிடம் அழுத்தி வைத்து எடுத்துப் பாருங்கள். துணி இளஞ்சிவப்பானால் அந்தச் சாயம் பக்கத்து வெள்ளைக்கு இறங்கியே தீரும். கல் உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் கெட்டிப்படும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். தோய்த்து முடித்த பருத்தி நூலில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பும் வினிகரும் ஒட்டவைப்பதில்லை. இந்த ஒரு பொய்யால் கெட்ட கைவேலைகளை எண்ணி மாளாது. சாயம் இறங்கினால் அந்தச் சதுரங்களைப் பிரித்தெடுத்து, அதே மெரூனில் அக்ரிலிக் வாங்கிப் பின்னி மாட்டுங்கள். மனது வலிக்கும்தான், 63 சதுரமும் இளஞ்சிவப்பாவதைவிட அது மேல்.

சாயம் நிற்கிறது என்று உறுதியான பிறகு போர்வையைப் படியவைக்கலாம். 42க்கு 54 அங்குலம் என்பதால் இரட்டைக் கட்டில் மெத்தை வேண்டும். அதன்மேல் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, போர்வையை அளவுநாடா வைத்து நேராக்கி, நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகத் துருப்பிடிக்காத குண்டூசி குத்துங்கள். சாதாரண ஊசி ஒரே இரவில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும். ஸ்பிரே பாட்டிலால் குளிர்ந்த நீரைச் சீராகத் தெளித்து, மின்விசிறியின் கீழ் முழுதாகக் காயும்வரை விட்டுவிடுங்கள். ஈரப் போர்வையைக் கொடியில் போடாதீர்கள். தன் கனத்தில் தானே தொங்கி, சதுரங்களெல்லாம் நீண்டுபோகும்.

தொங்கவிடுவதிலும் அதே ஆபத்து உண்டு. ஆணியிலோ கிளிப்பிலோ மாட்டினால் முழுக் கனமும் இரண்டு மூன்று கண்ணிகளில் இறங்கும். பாவாடைக்கு நாடா கோக்க மடித்துத் தைப்பதைப்போல, நான்கு அங்குல அகலக் காடாத் துணியில் நீளமாக ஒரு பட்டி தைத்து, அதைப் போர்வையின் மேல்விளிம்புக்குக் கீழே பின்புறத்தில், நெருக்கமான சிறு தையல்களால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பொருத்துங்கள். அதற்குள் திரைச்சீலைக் கம்பியை நுழைத்து மாட்டினால் கனம் சமமாகப் பரவும். நேர் வெயிலில் வேண்டாம், நிறம் வெளுக்கும். பார்க்கிறவர்கள் தொடாமல் இருக்க மாட்டார்கள். அதனால் தனியாக ஒரு சதுரம் பின்னி, தொட்டுப் பார்ப்பதற்கென்றே மேசைமேல் வைத்துவிடுங்கள். அருகில் ஓர் அட்டையில் உங்கள் பெயர், அளவு, நூல் வகைகள், பின்ன ஆன நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். குரோஷாவைத் தொழிற்சாலை இயந்திரங்கள் செய்வதில்லை, அதுபோலத் தோன்றும் பின்னல் துணியை மட்டுமே அவை பின்னும் என்பதையும் அதே அட்டையில் ஒரு வரி எழுதுங்கள். விலை கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

சான்றிதழ்க்காரருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் பலர் பின்னிய துண்டுகளை ஒன்றாக விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அந்தப் போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். உங்களுடையது ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர். உங்கள் வேலை எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல, ஆனால் சாதனை என்பது அளந்து, சாட்சி வைத்து, முன்பிருந்ததைத் தாண்டிக் காட்டுவது. பணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுப்பது வெறும் காகிதம். கைவினைஞர் அடையாள அட்டை வாங்கித் தருகிறேன் என்று ஆயிரம், இரண்டாயிரம் கேட்பவர்களும் கண்காட்சி வாசலிலேயே நிற்பார்கள். அந்த அட்டையை வழங்குவது மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம். நீங்களே விண்ணப்பிக்கலாம், தரகர் தேவையில்லை. அலைச்சல் இருக்கும், படிவத்தில் எந்தப் பிரிவில் எழுதுவது என்று கேட்டால் தெளிவாகப் பதில் வராமலும் போகலாம். ஏற்றுமதிப் புள்ளிவிவரத்திலேயே எம்பிராய்டரியையும் குரோஷாவையும் ஒரே தலைப்பில் போட்டுக் கூட்டுகிறார்கள். குரோஷா மட்டும் எவ்வளவு என்று அந்தத் தொகையிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை. லட்சக்கணக்கான கண்ணிகளைக் கையால் போடும் பெண்களுக்கு இந்த நாட்டில் தனியாக ஒரு வரிகூட ஒதுக்க மனம் வரவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

வேலை முடிந்ததும், போர்வையில் உள்ள ஒவ்வொரு நூலிலும் ஐந்து மீட்டர் எடுத்து, எந்தச் சதுரத்தினுடையது என்று எழுதி ஓர் உறையில் போட்டு வையுங்கள். சில வருடம் கழித்து ஒரு கண்ணி அறுந்தால் அந்த நிறம் கடையில் கிடைக்காது.