செல்லப்பிராணி மருத்துவம்: பாம்பின் வயிற்றில் புழு

கேள்வி: நாங்கள் வளர்க்கும் பால் பைத்தான் (ball python என்ற சிறிய மலைப்பாம்பு) சில வாரங்களாக மெலிந்து வருகிறது. விழுங்கிய எலியை இரண்டு முறை கக்கிவிட்டது. மலம் கொழகொழவென்று இருக்கிறது, நாற்றம் தாங்கவில்லை. நாய்க்குட்டிக்குத் தரும் குடற்புழு மருந்தை எலிக்குள் வைத்துக் கொடுக்கும்படி கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், கோவை

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது எந்த ஒட்டுண்ணி என்று கடைக்காரருக்கும் தெரியாது, கடிதத்தைப் படிக்கும் எனக்கும் தெரியாது. கொக்கிப்புழு, உருண்டைப்புழுவுக்கு ஃபென்பெண்டசோல் கேட்கும். நாடாப்புழு என்றால் பிராசிகுவான்டல் வேண்டும். அமீபாவுக்கு மெட்ரோனிடசோல். அளவு மீறினால் முதல் மருந்து வெள்ளணுக்களைக் குறைத்துவிடும், கடைசி மருந்து நரம்பைத் தாக்கும். பாம்பைக் கிராம் கணக்கில் எடைபோட்டுத்தான் அளவு தீர்மானிக்க வேண்டும்.

முதலில் கூண்டின் சூட்டைப் பாருங்கள். வெப்பப் பக்கம் 31 முதல் 32 டிகிரி செல்சியஸ் இல்லாவிட்டால், புழுவே இல்லாத பாம்பும் எலியைச் செரிக்க முடியாமல் கக்கிவிடும். கக்கிய பிறகு இரண்டு வாரம் இரை கொடுக்காதீர்கள்; தண்ணீர் மட்டும் போதும். அதன்பின் வழக்கத்தைவிடச் சிறிய எலி.

சூடு சரியாக இருந்தால் மலப் பரிசோதனைதான் வழி. கூண்டில் செய்தித்தாளை விரித்து வையுங்கள். புதிதாகப் போட்ட மலத்தைச் சிறிய டப்பாவில் அடைத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். உறைய வைக்கக் கூடாது. புழு முட்டைகள் தினமும் வெளிவருவதில்லை. ஒரு முறை 'எதுவும் இல்லை' என்று வந்தால் நிம்மதியாகிவிடாமல், இன்னொரு முறையும் கொடுங்கள். 'முட்டை இருக்கிறது' என்று வந்தாலும் அவசரம் வேண்டாம். எலியின் குடலில் இருக்கும் கீரிப்புழுவின் முட்டை, எலி உடம்பில் ஊரும் உண்ணி எல்லாம் பாம்பின் வயிற்றைக் கடந்து அப்படியே வெளியே வரும். பாம்பு நோயாளி அல்ல, சாப்பிட்ட எலிதான் நோயாளி. பாம்பு மலம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியும். அப்படிப்பட்ட மருத்துவரைத் தேடிப் போவது அலைச்சல்தான், ஆனாலும் போங்கள்.

உடலின் நடுப்பகுதி தொட்டால் தடித்துக் கெட்டியாக இருக்கிறதா? இரை தின்ற சில நாட்களில் கக்குவதோடு இந்த வீக்கமும் இருந்தால், இரைப்பையைத் தாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கென்று தனிச் சாயப் பரிசோதனை கேளுங்கள்; வழக்கமான சோதனையில் தப்பிவிடும். இதை முற்றிலும் குணமாக்கும் நம்பகமான மருந்து இதுவரை இல்லை. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் தெரிந்திருந்தால்தான் வீட்டிலுள்ள மற்றப் பாம்புகளைக் காப்பாற்ற முடியும். பிளீச்சிங் கரைசலுக்கு இது சாகாது. கூண்டு, தண்ணீர்க் கிண்ணம், இடுக்கி எல்லாவற்றையும் தனியாக வைத்துவிடுங்கள்.

எங்கே வாங்கினீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து காட்டுப் பாம்புகளும் ஏற்றுமதியாகின்றன. கூண்டில் பிறந்த குட்டியைவிட அவற்றிடம் ஒட்டுண்ணி அதிகம். உங்கள் ஊரில் பழக்கமுள்ள கடையே என்றாலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

(சாரையையோ மண்ணுளியையோ வீட்டில் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுகிறவர்களுக்கு: 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.)

கேள்வி: சோளப் பாம்பின் மலத்தோடு சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக வருகிறது. புழுவா?
— வாசகி, திருச்சி

பதில்: இல்லை அம்மா. அது யூரிக் அமிலம், பாம்பின் சிறுநீர். பாம்பு நீரை மிச்சப்படுத்தி இப்படிக் கெட்டியாகக் கழிக்கும். கல் போல இறுகி மஞ்சளாக வந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். நெளிவதோ, அரிசி போலத் துண்டு துண்டாக ஒட்டியிருப்பதோ கண்ணில் பட்டால் அதையும் டப்பாவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: பாம்புக் கூண்டுக்குப் பக்கத்தில் ஆமைத் தொட்டி வைக்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். என்டமீபா இன்வேடன்ஸ் என்ற அமீபா பல ஆமைகளின் குடலில் தொந்தரவில்லாமல் குடியிருக்கும். அதே அமீபா பாம்புக்குப் போனால் குடல் புண்ணாகி, சளியும் ரத்தமுமாக மலம் போய், உயிரே போய்விடும். பரவுவதற்கு அழுக்குத் தண்ணீர் ஒரு துளி போதும். இரண்டையும் வேறு வேறு அறையில் வையுங்கள். தினமும் பாம்பு வேலையை முதலில் முடித்து, பிறகு ஆமையிடம் போங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இரண்டிடமிருந்தும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா உங்களுக்கும் தொற்றும்.