விபாசனா முகாம் போனால் கற்பனைத் திறன் கூடுமா?

எழுதுகிறவர்கள் விபாசனா என்ற பௌத்தத் தியான முகாமுக்குப் போய் வந்தால் புது யோசனைகள் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும், கொட்டும். ஆனால் அதற்காகப் போகாதீர்கள்.

தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா பரப்பிய வழியிலான 10 நாள் முகாமில் விடியற்காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். பேச்சு கிடையாது, பேனா, நோட்டும் கூடாது. முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டாம் நாளே எனக்குக் கதைகள் வரிசைகட்டி வந்தன. ஒரு நல்ல வரி மறந்துவிடக் கூடாதே என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரமும் மூச்சைக் கவனிக்கவே இல்லை.

நான்காம் நாள் உடம்பின் உணர்ச்சிகளைப் பார்க்கச் சொல்கிறார்கள். அப்புறம்தான் பிடிபட்டது: முட்டி வலிக்கிறபோதெல்லாம் மனசு ஒரு கதைக்குள் ஓடி ஒளிகிறது. பாலி மொழியில், மனசு இப்படிக் கதையாக விரிவதற்கு 'பபஞ்ச' என்று பெயர். மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த உரைத் தொகுப்பில் உள்ள மதுபிண்டிக சூத்திரம் அது நடக்கும் வரிசையைச் சொல்கிறது: தொடுகை, உணர்வு, அடையாளம் காணல், யோசனை, பிறகு பெருக்கம்.

என் கற்பனை அந்த வலியைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது வலி தானாக இடம் மாறியது, துடிப்பானது, மெல்ல அடங்கியது. யோசித்து அந்த இடத்துக்கு நான் போயிருக்கவே முடியாது.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது, கொட்டிய கதைகளில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.