ஐசியை மாற்றுமுன் டிரான்ஸ்போமரைப் பாருங்கள்

கேள்வி: அண்ணே, தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறேன். சத்தத்தைப் பெருக்கும் டீடிஏ 2030 ஐசி இரண்டு போட்டு ஸ்டீரியோ அம்ப் ஒன்று நானே செய்தேன். 12-0-12, 1 அம்பியர் டிரான்ஸ்போமர். 2200 மைக்ரோஃபரட் கப்பாசிட்டர் பக்கத்துக்கு ஒன்று. முன்னால் 4558 ஐசி போட்ட பேஸ், ட்ரெபிள் போர்ட். பழைய செட்டில் கழற்றிய ஆறரை அங்குல 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் தேயிலைப் பெட்டிப் பலகையில் பொக்ஸ் அடித்தேன். வொல்யூமை அடியோடு குறைத்தாலும் ‘ம்ம்’ என்ற இரைச்சல் நிற்கவில்லை. காமன்கூத்தில் போனில் பதிந்த தப்பு மேளத்தின் அடியைப் போட்டால் சத்தம் அடைத்துக்கொள்கிறது. பேஸும் இல்லை. கடையில் 7294 ஐசிக்கு மாறச் சொல்கிறார்கள். 4558ஐக் கழற்றி 5532 போட்டால் தெளிவு வருமாம். எதை முதலில் செய்வது?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம், தம்பி. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது ஐசி அல்ல, அந்த ‘1 அம்பியர்’.

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட் ஏசி டீசியாக மாறி, சப்ளையின் பிளஸ், மைனஸ் பக்கம் ஒவ்வொன்றிலும் 16 வோல்ட் நிலையாகக் கிடைத்தால், 2030 அதில் ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தனக்கு வைத்துக்கொண்டு மீதியை ஸ்பீக்கருக்கு விடும். 8 ஓமில் அது 12 வாட்ஸ் வரும். இரண்டு ஸ்பீக்கருக்கும் அப்படி முழுதாக வேலை செய்யும்போது அம்ப் இழுப்பது சுமார் 35 வாட்ஸ். உங்கள் டிரான்ஸ்போமர் தாங்குவது 24. ஆகவே தப்பில் ஓங்கி ஓர் அடி விழும்போது 16 இருந்த இடத்தில் 12தான் நிற்கும். அப்போது கிடைப்பது 6 வாட்ஸ், அதாவது பாதி. தப்பின் சத்தம் முழுவதும் அந்த முதல் தட்டலில்தான் இருக்கிறது. அதன் உச்சி வெட்டுப்பட்டால் காதுக்கு ‘அடைத்துக்கொண்ட’ மாதிரித்தான் கேட்கும்.

இதே டிரான்ஸ்போமரில் 7294ஐப் போட்டால் என்ன ஆகும்? அது ஒரு பக்கத்துக்கு 30 வோல்ட், 35 வோல்ட் கொடுத்தால்தான் பலம் காட்டும் ஐசி. 16 வோல்ட்டில் அதுவும் 10 வாட்ஸ் அளவில்தான் நிற்கும். பதினைந்து காலுள்ள ஐசி என்பதால் போர்டையும் மாற்ற வேண்டும். காசு போகும், சத்தம் அப்படியே இருக்கும்.

நான் சொல்வதை நம்பவும் வேண்டாம். மல்டிமீட்டரை டீசியில் வைத்து, பெரிய கப்பாசிட்டரின் இரு காலிலும் பிடித்தபடி பாட்டைச் சத்தமாகப் போடுங்கள். ஒவ்வோர் அடிக்கும் எண் இரண்டு மூன்று வோல்ட் கீழே விழுந்து ஏறினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. இதைப் பகலில் ஒரு தடவையும் இரவு ஏழு மணி போல ஒரு தடவையும் பாருங்கள். லைன் கடைசியில் இருக்கும் லயங்களில் எல்லா வீட்டிலும் லைட் எரியும் நேரத்தில் 230 வோல்ட் அப்படியே வந்து சேராது.

வாங்குவதானால் 12-0-12 தான், ஆனால் 3 அம்பியர். கப்பாசிட்டர் பக்கத்துக்கு 4700 மைக்ரோஃபரட், 25 வோல்ட் அல்லது அதற்கு மேல். இப்போதுள்ள 2200இல், முழுச் சத்தத்தில் சப்ளையில் மிஞ்சும் 100 ஹேர்ட்ஸ் அலை 5 வோல்ட் வரை ஆடும். 4700இல் அது இரண்டே கால் ஆகிவிடும். அதற்கு மேல் 10,000, 20,000 என்று அடுக்குவதில் இந்த அம்புக்குப் பெரிய லாபம் இல்லை. ஏசியை டீசியாக்கும் பிரிட்ஜ் டயோட்தான் சுடும்.

இன்னொன்றையும் அளந்துவிடுங்கள்: பாட்டு ஓடாதபோது ஒரு பக்கம் எத்தனை வோல்ட்? சின்ன டிரான்ஸ்போமர்கள் சுமை இல்லாதபோது எழுதியிருப்பதைவிடக் கூடுதலாகவே தரும். சாதாரண 2030இன் உச்ச வரம்பு பக்கத்துக்கு 18 வோல்ட். மீட்டர் அதைத் தொட்டால் 2030ஏ போடுங்கள். அதே கால்கள், 22 வோல்ட் வரை தாங்கும். ஐசி மாற்றத்தில் நான் ஒப்புக்கொள்வது இந்த ஒன்றைத்தான். போலி ஐசிகள் நிறையப் புழங்குகின்றன. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும், ஹட்டன் டவுனில் வாங்கினாலும், விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது இரைச்சல். வொல்யூமைக் குறைத்தும் நிற்கவில்லை என்று எழுதியது நல்ல தகவல். வொல்யூமோடு சேர்ந்து குறைந்திருந்தால் போனையோ இன்புட் வயரையோ சந்தேகிக்கலாம். குறையாததால் கோளாறு அதற்குப் பின்னால்: பவர் சப்ளை, அல்லது கிரவுண்ட் வயர் ஓடிய பாதை. என் பந்தயம் கிரவுண்டில்.

வீட்டில் கட்டும் அம்ப்களில் நடப்பது இதுதான். டிரான்ஸ்போமரின் நடு வயர், அதாவது அந்த ‘0’, எங்கே வசதியோ அங்கே பற்றப்பட்டிருக்கும். அதே வயரின் நடுவில் இன்புட் கிரவுண்டையும் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். கப்பாசிட்டர் நிரம்புவது விநாடிக்கு 100 தடவை, ஒவ்வொரு தடவையும் குத்துக் குத்தாகப் பல அம்பியர். அந்தக் குத்து ஓடும் வயரில் கொஞ்ச மில்லிவோல்ட் உண்டாகும். அம்ப் அதையும் பாட்டு என்று நினைத்து 30 மடங்கு பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும்.

மாற்றுவது சுலபம், காசில்லா வேலை. ‘0’ வயர் நேராக இரண்டு கப்பாசிட்டரும் சந்திக்கும் புள்ளிக்குப் போகட்டும். வழியில் எதுவும் சேரக் கூடாது. அங்கிருந்து ஒரு தடித்த, குட்டை வயரில் தனியாக ஒரு முனை எடுங்கள். ஸ்பீக்கர் திரும்பி வரும் வயர் இரண்டு, அம்ப் போர்ட் கிரவுண்ட், பேஸ் போர்ட் கிரவுண்ட் எல்லாம் அந்த ஒரே முனைக்குத் தனித்தனி வயரில் வரட்டும். ஒன்றின் முதுகில் ஒன்று ஏறக் கூடாது. இன்புட்டுக்கு ஷீல்ட் வயர் போட்டு, டிரான்ஸ்போமரிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். வொல்யூமின் உலோக உடலையும் கிரவுண்டில் பற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை. டீவியோடு சேர்த்ததும் இரைச்சல் கூடினால் சிலர் பிளக்கில் எர்த் வயரை வெட்டிவிடுவார்கள். இரும்புப் பெட்டியில் அடைத்த அம்பில் அது உயிரோடு விளையாடுவது. ஓடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்போமர் என்று சின்னதாகக் கிடைக்கும், அதை நடுவில் போடுங்கள். மெயின் பக்கம் 500 மில்லி அம்பியர் ஸ்லோ புளோ பியூஸ் இல்லையென்றால் இன்றைக்கே போடுங்கள்.

பேஸ் இல்லாததற்கு, எதையும் கழற்றுமுன், ஒன்றரை வோல்ட் பற்றரி ஒன்றை எடுத்து ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸில் பிளஸ் படும்போது இரண்டு கோனும் வெளியே தள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால் வயர் மாறியிருக்கிறது. ஒன்று தள்ள மற்றது இழுக்க, பேஸ் காற்றிலேயே கரைந்துவிடும். பிறகு ஐசியின் முதலாம் காலுக்கு வரும் கப்பாசிட்டர். அங்கே 1 மைக்ரோஃபரட் இருக்க வேண்டும். 0.1 போட்டிருந்தால், அங்குள்ள 22 கிலோஓம் ரெசிஸ்டரோடு சேர்ந்து 72 ஹேர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயத் தொடங்கிவிடும்.

தேயிலைப் பெட்டிப் பலகை எனக்கும் பிடித்த சாமான்தான். ஆனால் அந்த மெல்லிசு பிளைவுட் ஸ்பீக்கரோடு சேர்ந்து தானும் பாடும். கையை வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரியும். பலகையை இரட்டையாக்கி மரப்பசை போட்டு ஒட்டி, முன்பலகைக்கும் பின்பலகைக்கும் குறுக்கே ஒரு ரீப்பர் கட்டை கொடுங்கள். மூலை இடுக்குகளை அடைத்துவிட்டு, உள்ளே தலையணைப் பஞ்சு தளர்வாக நிரப்புங்கள். 5532க்குக் காசு கொடுப்பதைவிட இதன் பலன் பல மடங்கு காதில் தெரியும். 5532 நல்ல ஐசிதான். 4558இன் இடத்தில் அப்படியே உட்காரும், இரைச்சலும் குறைவு. இப்போது உங்கள் கிரவுண்டின் ‘ம்ம்’ மேலே நிற்கும்போது அந்த வித்தியாசம் காதில் ஏறாது.

அந்த பேஸ் போர்ட் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தச் சுற்றுகள் பெரும்பாலும் பீட்டர் பாக்ஸண்டல் 1952இல் வெளியிட்ட அமைப்பின் வழி வந்தவை. சுற்றில் குறை இல்லை. திருகும் கையில்தான் விஷயம். பேஸை 10 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்தில் அம்ப் பத்து மடங்கு வாட்ஸ் கொடுக்க வேண்டும். உங்களிடம் இருப்பதே 12. பாதிக்கு மேல் திருகாதீர்கள்.

தப்புப் பதிவை ஹெட்போனில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். பக்கத்தில் நின்று பதிந்திருந்தால் போன் மைக்கே திணறியிருக்கும். அதை எந்த அம்பும் திருத்தாது. ‘டிட்டிட் டிட்டிட்’ என்று இடையில் கேட்டால் அது 2ஜியில் போகும் போன். மலை மறைத்து சிக்னல் குறையும் இடத்தில் போன் கூடுதல் பலத்தோடு கத்தும். இரண்டடி தள்ளி வையுங்கள். இன்னும் கேட்டால் இன்புட்டில் 1 கிலோஓம் தொடராகவும், அதற்குப் பின் 470 பிக்கோஃபரட் கிரவுண்டுக்கும் போடுங்கள்.

பாட்டு இல்லாமலே ஐசி சுட்டால் ஸ்பீக்கர் முனையில் 1 ஓமும் 0.22 மைக்ரோஃபரட்டும் தொடராக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஐசி காதுக்கு எட்டாத வேகத்தில் ஊசலாடிக்கொண்டிருக்கும். 2030இன் முதுகுத் தகடு மைனஸ் சப்ளை என்பதால் மின்சாரம் கடத்தாத மைக்காத் துண்டும் புஷ்ஷும் இல்லாமல் ஹீட் சிங்கில் முறுக்காதீர்கள்.

நம் பக்கத்து மூடுபனியில் வொல்யூம் கரகரப்பது வழமை. எலெக்ட்ரோனிக் கொன்டக்ட் கிளீனர் போதும், தேங்காய் எண்ணெய் வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி குமுறினால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கைப் பிடுங்கி, டிஷ் பெட்டியிலிருந்து வரும் ஓடியோ வயரையும் அம்பிலிருந்து கழற்றிவிடுங்கள்.