கிளாக் நடன வகுப்புக்கு வயலின் வாசிப்பது எப்படி?

கேள்வி: இங்கிலாந்தின் லங்காஷயரில் வசிக்கிறேன். அருகில் நடக்கும் மரபான கிளாக் நடன வகுப்பில் ஒலிப்பதிவுக்குப் பதிலாக வயலின் வாசிக்க அழைத்திருக்கிறார்கள். மேடையில் வாசித்த பழக்கம் உண்டு. நடன வகுப்புக்கு வாசித்ததில்லை. எவ்வாறு தயாராவது?

பதில்: மரத்தாலான அடிப்பாகம் கொண்ட காலணியால் தரையைத் தட்டி ஆடும் இந்நடனத்தில் ஆடுபவரின் கால்களே தாளவாத்தியம். பழைய போட்டிகளில் நடுவர்கள் மேடைக்கு அடியில் அமர்ந்து, ஆடுபவரைப் பாராமல் ஒலியை மட்டும் கேட்டு மதிப்பிடும் வழக்கமும் இருந்தது. ஆகவே காலொலியை உங்கள் வயலின் ஒருபோதும் மூடிவிடக் கூடாது. ஆசிரியரின் பாதங்கள் நன்றாகத் தெரியும் இடத்தில் அமர்ந்துகொள்ளுங்கள்.

லங்காஷயர் பாணியில் மிகுதியும் ஆடப்படுவது ஹார்ன்பைப் என்னும் நடன வகை. அதன் மெட்டு பொதுவாக எட்டு பார் (சம அளவான தாளப் பகுதி) கொண்ட இரு பகுதிகளாக அமைந்து, ஒவ்வொரு பகுதியும் இருமுறை வாசிக்கப்படுவதால், ஒரு சுற்றுக்கு 32 பார் வரும். நடனமும் இதே கணக்கில்தான் இயங்குகிறது: ஓர் அடவை எட்டு பாருக்கு ஒரு காலில் தொடங்கி ஆடிவிட்டு, அடுத்த எட்டு பாருக்கு மறுகாலில் தொடங்கித் திருப்பி ஆடுவார்கள். பல அடவுகளில் கடைசி இரண்டு பார் முடிப்புக்கு உரியவை. மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அங்கேதான் என்பதால், ஆசிரியர் அந்த இரண்டு பாரை மட்டும் மீண்டும் மீண்டும் கேட்பார். மெட்டின் எந்த இடத்திலிருந்தும் தயக்கமின்றித் தொடங்க உங்களால் முடிய வேண்டும். இருபது மெட்டுகளை அரைகுறையாக அறிந்திருப்பதைவிட, மூன்றே மெட்டுகளை இந்த அளவுக்குக் கைவசப்படுத்துவது வகுப்புக்குப் பயன்படும்.

உண்மையில் கடினமானது வேகத்தைக் குறைத்து வாசிப்பது. ஹார்ன்பைப்பில் இரண்டிரண்டாக வரும் சுரங்களில் முதலாவது நீண்டும் அடுத்தது குறுகியும் ஒலிக்கும். வேகம் குறையும்போது அந்த ஏற்ற இறக்கம் தட்டையாகிவிட்டால் ஆடுபவருக்குக் காலை உயர்த்தும் உந்துதல் கிடைக்காது. மிகையாக வெட்டி வாசித்தாலோ காலின் ஒலிகள் மெட்டோடு பொருந்தாமல் விலகும். முதல் வகுப்புக்கு முன்பே ஆசிரியரைக் கற்பிக்கும் வேகத்திலும் முழு வேகத்திலும் ஆடிக்காட்டச் சொல்லி, இரண்டையும் மெட்ரோனோம் என்னும் தாள வேகங்காட்டும் கருவியில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட வேகங்களிலும் வீட்டில் பயிலுங்கள். மாணவர் தடுமாறினால் இரக்கப்பட்டு அவருக்காகத் தாளத்தைத் தளர்த்தாதீர்கள். நிலையான தாளம் இருந்தால்தான் அவர் விட்ட இடத்தில் மீண்டும் சேர முடியும்.

தொடங்குமுன் எத்தனை பார் முன்னிசை வேண்டும் என்பதை ஆசிரியரிடம் கேட்டு, எப்போதும் அதே அளவிலேயே கொடுங்கள். புதிய அடவை முதன்முதலாகச் சொல்லித்தரும் நேரத்தில் இசையே தேவைப்படாது. அப்போது மெல்ல மீட்டிப் பார்ப்பதைக்கூடத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் மாணவர்கள் ஆசிரியரின் காலொலியைக் காதால் பிரித்தறிந்துதான் கற்கிறார்கள். அலங்காரச் சுரங்களை வகுப்பின் இறுதியில், அனைவரும் அடவை முழுமையாக ஆடும்போது, சிறிது சேர்த்துக்கொள்ளலாம்.