வாய் உலர்வு மாத்திரை: வியர்த்துக் கொட்டினால் நிறுத்தலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. தொண்டைப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்த பிறகு வாய் வறண்டு, சோறு இறங்குவதே இல்லை. டாக்டர் பைலோகார்பின் 5 மி.கி. மாத்திரையை மூன்று வேளைக்கு எழுதிக் கொடுத்தார். பத்து நாளாகச் சாப்பிடுகிறார். மாத்திரை போட்டால் பனியன் நனைகிற அளவுக்கு வியர்க்கிறது. இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். வாயும் பெரிதாக ஈரமாகவில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

உமிழ்நீரைச் சுரக்கச் சொல்லும் நரம்பின் வேலையைத்தான் இந்த மருந்து செய்கிறது. ஆனால் வாயோடு நிற்பதில்லை. வியர்வைச் சுரப்பி, மூக்கு, குடல், சிறுநீர்ப்பை, கண் எல்லாவற்றையும் சேர்த்துத் தூண்டிவிடும். வியர்வை, மூக்கொழுகல், குமட்டல், தலைசுற்றல், அடிக்கடி சிறுநீர் வருவதெல்லாம் இதனால்தான். கரண்ட் வைத்தவர்களிடம் நடந்த ஆய்வுகளில், 5 மி.கி. மூன்று வேளை எடுத்தவர்களில் 100க்கு 29 பேருக்கு வியர்த்தது, 10 மி.கி. எடுத்தவர்களில் 68 பேருக்கு. அளவு கூடக் கூடத் தொல்லையும் கூடுகிறது என்பதால், டாக்டர் அளவைச் சரிசெய்து பார்க்க இடமிருக்கிறது.

ஒரு மாத்திரையின் வேலை 3 முதல் 5 மணி நேரம்தான். கடைசி வேளையைப் படுக்கப் போகும்போது போடுகிறார் என்றால், கொஞ்சம் முன்னதாகப் போடலாமா என்று கேளுங்கள். வியர்வையில் போகிற நீரை ஈடுகட்டத் தண்ணீரோ மோரோ அவ்வப்போது குடிக்கட்டும். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் பார்வை மங்கலாம். இரவில் வண்டி ஓட்ட வேண்டாம்.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறு விஷயங்களுக்கு. அவருக்கு ஆஸ்துமா, கண் அழுத்த நோய், இதய நோய் ஏதாவது உண்டா? ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அடெனலால், மெட்டோபுரலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா? இவற்றை டாக்டர் அறிந்திருக்க வேண்டும். மூச்சிளைப்பு, மயக்கம், நாடித்துடிப்பு மிகவும் குறைதல், குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

அப்புறம், மூக்கொழுகுகிறதே என்று மருந்துக்கடையில் சளி மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் பல வாயை உலர்த்துபவை. இந்த மருந்துக்கு எதிராகவே வேலை செய்யும்.

பத்து நாளில் பலன் தெரியவில்லை என்று மனம் தளர வேண்டாம். கரண்ட் வைத்தவர்களுக்கு முழுப் பலன் தெரிய 12 வாரம் வரைகூட ஆகலாம். அதுவரை ஃப்ளோரைடு பற்பசையால் இருவேளை பல் துலக்கட்டும். உமிழ்நீர் குறைந்த வாயில் பல் வேகமாகச் சொத்தையாகும், பல் டாக்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.