நெருப்பு அணைக்கிற வேலை இல்லை அண்ணை

அண்ணை, நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். பின்னால் கிரைண்டர் சத்தம், நடுவில் யாரோ வந்து கிறில் கேற்றுக்கு விலை கேட்கிறார், அதற்கிடையில் நீங்கள் சொன்னது இதுதான்: மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே, கிளிநொச்சி அறிவியல் நகரில், வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். ஆனால் பிள்ளை யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் பொறியியலாளரைப் பாராட்டி எழுதியதை வாசித்துவிட்டு, "நானும் உருக்குக் கட்டடங்களின் தீப்பாதுகாப்புத்தான் செய்யப்போறன்" என்று நிற்கிறாள். "பொம்பிளைப் பிள்ளைக்கு நெருப்பு அணைக்கிற வேலையோ, அதுக்கோ இவ்வளவு படிச்சது" என்று கேட்டீர்கள். இதே கேள்வியோடு வேறு பெற்றோரும் இருப்பார்கள், அதனால் உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுப் பொதுவில் பதில் எழுதுகிறேன், குறை நினைக்காதீர்கள்.

முதலில் அந்தப் பயத்தை எடுத்துவிடுவோம். தீயணைப்பு வீரர் வேலை வேறு, இது வேறு. அவர்கள் நெருப்பு வந்த பிறகு போகிறவர்கள். மகள் சொல்கிற வேலை, கட்டடம் தாளில் கோடாக இருக்கும்போதே நடக்கிறது. இந்தக் கூரையின் கீழே தீப்பிடித்தால் எத்தனை நிமிடத்தில் இரும்பு எவ்வளவு சூடாகும், அந்தச் சூட்டில் எவ்வளவு பாரம் தாங்கும், உள்ளே நிற்கிற ஆட்கள் அதற்குள் வெளியேறிவிடுவார்களா என்று முன்கூட்டியே கணக்குப் போடுகிற வேலை. மேசை, கணினி, இடைக்கிடை தளத்துக்குப் போய் ஒரு பார்வை.

இதன் அடிப்படையை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டிய தேவையே இல்லை. வளைந்த கம்பியை நிமிர்த்த நீங்கள் என்ன செய்வீர்கள்? காஸ் பிடித்துச் சிவக்க வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டு. அந்த இரும்பு உருகவில்லை. உருக்கு உருக 1500 பாகை செல்சியஸ் அளவு வேண்டும். உருகாமலே அது உங்கள் கைக்கு இளகிவிட்டது அல்லவா, அதுதான் முழு விசயமும். 400 பாகை வரைக்கும் உருக்கு பெரிதாகக் காட்டிக்கொடுக்காது. 600 ஆகும்போது பலத்தில் பாதி போய்விடும், 800இல் பத்தில் ஒன்றுதான் மிஞ்சும். பரிசோதனை உலைகளில் பயன்படுத்துகிற நியமத் தீயின் கணக்குப்படி அரை மணித்தியாலத்திலேயே சூடு 840 பாகையைத் தாண்டிவிடும். அப்போ மூடாமல் விட்ட இரும்புத் தூணுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நீங்களே யோசியுங்கள்.

அதோடு நீளும். 10 மீற்றர் நீளமான ஒரு இரும்பு வளை, அதாவது பாரம் தாங்கக் கிடையாக வைக்கிற உத்திரம், 500 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம் நீளும். இரண்டு பக்கமும் சுவரில் இறுக்கி வைத்திருந்தால் அது எங்கே போகும்? சுவரைத் தள்ளும், இல்லாவிட்டால் தானே நெளியும். எங்கள் ஆட்கள் பனை வளையை விட்டுவிட்டு இரும்புக்கு மாறியதைப் பெரிய முன்னேற்றமாக நினைக்கிறார்கள், கறையானுக்கு அது சரி. நெருப்புக்கு அப்படிச் சொல்ல முடியாது. தடித்த மரம் வெளியே கரியாகிக்கொண்டே போகும், பொதுவான கட்டட மரங்களில் நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீற்றர் அளவில், ஆனால் அந்தக் கரியே உள்ளே இருக்கிற மரத்துக்குப் போர்வை மாதிரி. உள்ளே கூடாக இருக்கிற மெல்லிய பொக்ஸ் பாருக்கு அப்படிப் போர்வை எதுவும் இல்லை.

சரி, மகள் வாசித்த அந்த அம்மா யார்? நீங்கள் சொன்ன அடையாளங்களைப் பார்த்தால் மார்கரெட் லோவாகத்தான் இருக்க வேண்டும். 1950களில், பொறியியல் பக்கம் பெண்களைக் காண்பதே அரிதான காலத்தில், இலண்டனுக்கு வடக்கே போரம்வுட் என்ற இடத்திலிருந்த தீ ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1963இல் அவர் வெளியிட்ட ஆய்வு ஒரு சாதாரணக் கேள்விக்குப் பதில் தேடியது: ஒரு கட்டடம் எரிந்தால் பக்கத்துக் கட்டடம் பற்றாமல் இருக்க இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட வேண்டும்? சுவாலை தொட வேண்டும் என்றில்லை, வெப்பக் கதிர்வீச்சே போதும். ஒரு சதுர மீற்றருக்கு 12.5 கிலோவாட் வெப்பம் விழுந்தால், பக்கத்தில் ஒரு பொறி இருந்தாலே மரம் பற்றிக்கொள்ளும் என்பதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். நடுமத்தியானம் உங்கள் பட்டறை வாசலில் நிற்கும்போது உச்சியில் விழுகிற வெயில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட். அதைப்போல் பன்னிரண்டு வெயில் ஒரே நேரத்தில் விழுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

2016 செப்ரெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்த இரவு ஞாபகம் இருக்கும். தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது என்பதைத்தான் எல்லாரும் பேசினோம். அது பேச வேண்டியதுதான். ஆனால் கடைக்குக் கடை எவ்வளவு இடைவெளி இருந்தது, நடுவில் என்ன சுவர் இருந்தது, கூரை என்ன கூரை என்று கேட்டவர்கள் குறைவு. மார்கரெட் லோ ஆயுள் முழுவதும் கேட்டது அந்த இரண்டாவது வகைக் கேள்விகளை.

பிறகு 1970களில் அவர் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்துக்குப் போனார், சிட்னி ஒபேரா மண்டபத்தின் கட்டமைப்பைச் செய்த அதே நிறுவனம். அங்கே அவர் எடுத்துக்கொண்டது கட்டடத்துக்கு வெளியே நிற்கிற இரும்புத் தூண்களை. அந்தக் காலத்து விதிப்படி உள்ளே நின்றாலும் வெளியே நின்றாலும் இரும்பை மூடு, அவ்வளவுதான். இவர், சன்னலால் வெளியே வருகிற சுவாலை எவ்வளவு உயரும், எவ்வளவு தள்ளிப் போகும், அங்கே நிற்கிற தூணை எவ்வளவு சூடாக்கும் என்று கணக்கிடும் வழியைக் கொடுத்தார். தூணைச் சரியான இடத்தில் நிறுத்தினால் மூடாமலே விடலாம். இப்படிப்பட்டவரைப் பாராட்ட ஒரு கட்டடத்தைக் கைகாட்டி 'இது அவர் கட்டியது' என்று சொல்ல முடியாது. அவர் போட்ட கணக்கை இன்றைக்கும் மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள், அதற்காகத்தான் பாராட்டுகிறார்கள். மகள் அதில் மயங்கியிருக்கிறாள் என்றால் நல்லதில்தான் மயங்கியிருக்கிறாள், நான் குறை சொல்லமாட்டேன்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'இரும்பென்றால் விழும்' என்று நான் பயம் காட்டியது மாதிரி ஆகிவிடும். 1990 யூனில் இலண்டனில் புரோட்கேற் என்ற இடத்தில், கட்டிக்கொண்டிருந்த ஓர் உருக்குக் கட்டடத்தில் தீப்பிடித்து நாலரை மணித்தியாலம் எரிந்தது. பல இடங்களில் இரும்புக்கு இன்னும் பாதுகாப்புப் பூசி முடியவில்லை. தூண்கள் சில நசுங்கின, வளைகள் தொய்ந்தன, ஆனால் கட்டடம் விழவில்லை. ஏன் விழவில்லை? இந்தக் கேள்வியும் ஒரு காரணமாக, காடிங்ரன் என்ற இடத்தில் முன்பு ஆகாயக் கப்பல் நிறுத்திய ஒரு பெரிய கொட்டகைக்குள் எட்டு மாடி உருக்குக் கட்டடம் ஒன்றை எழுப்பி, 1995–96இல் அதற்குள் வேண்டுமென்றே தீவைத்துப் பார்த்தார்கள். மூடாத வளைகள் 1000 பாகைக்கு மேல் சூடேறியும் தளம் இறங்கியதே தவிர உடையவில்லை. தனி வளையாகப் பார்த்தால் விழவேண்டியது, கொங்கிறீற் தளத்தோடு சேர்ந்து நாலு பேர் பிடித்த விரிப்பு மாதிரித் தாங்கிக்கொண்டது. அதிலிருந்துதான் எந்த வளையை மூடவேண்டும், எதை விடலாம் என்று கணக்குப் பார்த்துச் செய்யும் முறை பரவியது. அதற்காக எல்லாம் தாங்கும் என்றும் இல்லை. 2017 சனவரியில் தெஹ்ரானில் பிளாஸ்கோ என்ற உயர்ந்த கட்டடம் தீயில் அப்படியே இறங்கிவிட்டது, உள்ளே நின்ற தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். எது நிற்கும் எது விழும் என்பதை முன்கூட்டியே சொல்கிறவருக்குத்தான் சம்பளம்.

இனி நீங்கள் உண்மையில் கேட்க வந்த விசயம். வேலை கிடைக்குமா?

வன்னியில் இந்தப் பெயரில் ஒரு வேலையை நான் காட்டமாட்டேன், பொய் சொல்லக்கூடாது. கொழும்பில் உயர்மாடிகளுக்கு ஆலோசனை சொல்லும் நிறுவனங்களில் இருக்கிறது. அதைவிட வளைகுடா, சிங்கப்பூர், அவுஸ்திரேலியா, பிரித்தானியா. இலண்டனில் கிரென்பெல் கோபுரம் 2017 யூன் 14இல் எரிந்து 72 பேர் இறந்தார்களே, அது கொங்கிறீற் கட்டடம், வெளியே ஒட்டிய உறையால்தான் தீ பரவியது, ஆனாலும் அதற்குப் பிறகு பிரித்தானியாவில் 2022இல் கட்டடப் பாதுகாப்புக்கென்று புதுச் சட்டமே வந்தது, இந்தத் துறை ஆட்களைத் தேடுவதும் கூடியது. கிரென்பெல் தீ பற்றி நடந்த விசாரணையில் தீப் பொறியியல் நிபுணராகச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் பார்பரா லேன், அவரும் பெண்தான். 'பொம்பிளைப் பிள்ளைக்கு' என்ற உங்கள் பேச்சுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். எங்கள் ஆட்களில் பார்க்க வேண்டுமென்றால் பேராசிரியர் மகேன் மகேந்திரன், பேராதனையில் பொறியியல் படித்தவர், பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மெல்லிய உருக்குக் கட்டமைப்புகளும் தீயும் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்தவர்.

மகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இப்போது 'தீ' என்ற சொல்லையே மறந்துவிடு. உன் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் எடு. தொடக்கத்தில் எல்லாருக்கும் பொதுப் பாடங்கள், துறை பிரிப்பது பிறகு, அதற்குப் புள்ளி பார்ப்பார்கள், அதனால் முதல் வருடத்தை விளையாட்டாக விடமுடியாது. வன்னிப் பிள்ளைகள் அந்த வருடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மூளை குறைவதால் இல்லை, விரிவுரை முழுக்க ஆங்கிலத்தில் நடப்பதால். உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தமிழில் ஊதித்தள்ளிய பிள்ளை முதல் மாதம் பேந்தப் பேந்த முழிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழகம் தொடங்கும்வரை இருக்கிற மாதங்களில் அவளை வேறு எந்த வகுப்புக்கும் அனுப்பாதீர்கள், ஆங்கிலத்துக்கு மட்டும் அனுப்புங்கள்.

பட்டம் நாலு வருடம். பிறகு ஒன்றிரண்டு வருடம் தளத்தில், இரும்பு ஏற்றுகிற இடத்தில் வேலை. அதன்பிறகு முதுமாணிப் பட்டத்துக்கு எடின்பரோ, சுவீடனில் லுண்ட், பெல்ஜியத்தில் கென்ற், நியூசிலாந்தில் கன்ரபரி, இவை எல்லாம் இந்தப் படிப்புக்குப் பெயர்போன இடங்கள். முதல் மூன்றும் சேர்ந்தே ஓர் இரண்டு வருடப் படிப்பை நடத்துகின்றன, அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையும் இருந்திருக்கிறது, போட்டி கடுமை. காணியை ஈடு வைத்து அனுப்புகிற யோசனை இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். நாலு வருடத்தில் அவள் மனம் பாலம் பக்கமோ நீர்ப்பாசனம் பக்கமோ போகலாம், இரணைமடுக் குளத்துக்குப் பக்கத்தில் படிக்கிற பிள்ளைக்கு அது நடக்கக்கூடியதுதான். போனாலும் நட்டமில்லை, கையில் குடிசார் பட்டம் இருக்கும்.

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளைகளின் பெற்றோர் இதை வாசித்தால், அதே அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது, அங்கிருந்தும் மேலே போக வழி உண்டு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஒரு விசயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வவுனியாப் பக்கம் ஒரு களஞ்சியத்துக்குப் போயிருந்தேன், யாருடையது என்று வேண்டாம். புது உருக்குக் கட்டடம், பளபள என்று பெயின்ற், சுவரில் பச்சை நிறத்தில் ஓடுகிற மனிதன் படம், கீழே கதவு. கதவுக்கு முன்னால் நெல் மூட்டை ஆளுயரம். ஏன் என்று கேட்டேன். "அந்தக் கதவால் சாமான் களவு போகுது சேர், அதுதான் மறிச்சிருக்கு" என்றார் மேற்பார்வையாளர். மூட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் கைபிடியில் சைக்கிள் சங்கிலி வேறு. உள்ளே முப்பது நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். அந்த மேற்பார்வையாளர் கெட்ட மனிதர் இல்லை, எனக்குத் தேநீரும் தந்தார். களவு நேற்றும் நடந்தது, தீ இன்னும் வரவில்லை, அவர் கணக்கு அவ்வளவுதான். உங்கள் மகள் இந்தத் துறைக்குப் போனால் வாழ்க்கையில் பாதி நேரம் இப்படிப்பட்டவர்களோடு தேநீர் குடித்துக்கொண்டே வாதாட வேண்டிவரும். கணக்கு வந்தால் மட்டும் போதாது, பேசவும் தெரிய வேண்டும். அவள் உங்களோடு ஒரு கிழமையாக இதற்குச் சண்டை பிடிக்கிறாள் என்றீர்களே, அந்தத் தகுதி இருக்கிறது போல.

கடைசியாக ஒரு வேலை. பட்டறையில் ஒரே நீளத்தில் இரண்டு துண்டு எடுங்கள், ஒன்று மெல்லிய பொக்ஸ் பார், மற்றது எச் எழுத்து வடிவத்தில் இருக்கிற கனத்த எச் அயன். இரண்டுக்கும் ஒரே அளவு சுவாலையைப் பிடியுங்கள், மகளைப் பக்கத்தில் நிற்க வைத்து எது எத்தனை நிமிடத்தில் சிவக்கிறது என்று கைபேசியில் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட மறக்க வேண்டாம். ஏன் அப்படி என்று அவளே யோசித்து, உங்கள் உதவி இல்லாமல், ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி எனக்கு அனுப்பட்டும்.